அமெரிக்க வரலாற்றில் அப்பா எடுத்த ஐந்தரை

புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லாத சுவிஸ் நாட்டில் வளர்ந்த தமிழர்கள் நாம். அந்த நேரத்தில் உங்களில் சிலர் நீச்சலுக்குப் போனீர்கள், சிலர் பரதநாட்டியத்துக்குப் போனீர்கள், சிலர் ரயில் நிலையத்தில் சும்மா நின்றீர்கள். நான் ஒரு குளிர்காலம் முழுக்கப் புதன்கிழமைகளில் அமெரிக்க வரலாறு படித்தேன். நன்றாகவே படித்தேன். பரீட்சையில் மூன்றரை எடுத்தேன். ஆறுதான் உச்சம், நாலுக்குக் கீழே போனால் தவறல் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதே பாடத்தில் எங்கள் அப்பா ஐந்தரை எடுத்தார்.

நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் வயதுக்கு எல்லோரும் வந்துவிட்டோம். இனி இதைச் சொல்வதில் வெட்கமில்லை. கூட்டத்தில் நான் எதையும் சொல்பவள் அல்ல. எழுதும்போது ஒருவருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை, அதனால் எழுதுகிறேன்.

வின்டர்தூரில் ரயில்பாதைக்குப் பக்கத்தில் நாலு மாடிக் கட்டடம். நாங்கள் இரண்டாம் மாடி. பெட்டிகள் நிறைந்த சரக்கு ரயில் போனால் கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் தங்களுக்குள் கதைத்துக்கொள்ளும். அப்பாவுக்கு ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. பகல் இரண்டு மணிக்கு விடுவார்கள், ஐந்து மணிக்குத் திரும்ப வரச் சொல்வார்கள். இடையில் இருக்கும் மூன்று மணித்தியாலமும் அவர் எங்கள் சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அவர் படுத்த தலையணையில் வெங்காயமும் பொரித்த எண்ணெயும் மணக்கும்.

ஊரில் போர் முடிந்து வந்த முதல் குளிர்காலம் அது. அதற்கு முன்பு எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓய்ந்ததில்லை. ஒருநாள் அப்பா அதை நிறுத்தினார். அதோடு தன் வாயையும் நிறுத்திக்கொண்டார். "சாப்பாட்டைப் போடும்", "சப்பாத்து எங்கை" என்பதற்கு மேல் கதை இல்லை. அம்மா அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அப்பா வேலைக்குப் போனதும் சோபாவின் விரிப்பைத் தேவைக்கு அதிகமாக உதறுவார்.

எங்கள் வகுப்பாசிரியர் அமெரிக்கா முழுக்க மோட்டார் சைக்கிளில் சுற்றியவர். முழங்கால் அளவு பனியிலும் கூர்மூக்கு வைத்த கௌபாய்ச் சப்பாத்தோடு வருவார். அமெரிக்காவுக்குப் புது ஜனாதிபதி வந்த வருடம் என்பதால், சுவிஸ் வரலாற்றைக் கொஞ்சம் தள்ளிவைத்து அமெரிக்க வரலாறு படிக்கலாம் என்றார். வகுப்பில் ஒருவரும் எதிர்க்கவில்லை. சுவிஸ் வரலாற்றில் ஆட்கள் எந்நேரமும் புல்வெளியில் நின்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள்.

முடிவில் வாய்மொழிப் பரீட்சை. மற்றவர்களுக்கு அது இன்னொரு பரீட்சை. எனக்கு அப்படி இல்லை. நான் உயர்படியான ஏ வகுப்பில் இருந்தேன். எழுத்தில் பரவாயில்லை, ஆனால் வாய் திறப்பதில்லை என்று எல்லா அறிக்கையிலும் எழுதியிருந்தார்கள். ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதில் நாலு எடுத்தால் ஏயில் இருக்கலாம், இல்லாவிட்டால் பிக்கு மாற்றவேண்டி வரும்" என்றார். ஏயில் படித்தால் மருந்துக்கடையில் தொழில் பழகப் போகலாம். நான் அதைத்தான் விரும்பினேன். வெள்ளை மேலங்கி, நீளமான இழுப்பறைகள், அவற்றைத் திறந்து மூடுவது. அதில் அதிகம் கதைக்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன்.

படிப்பதற்குத் துணை மேல்மாடிக்காரி. மூன்றாம் மாடியில் இருந்தவள், என்னோடு ஒரே வகுப்பு, நித்திரையிலும் கதைக்கக்கூடியவள். புதன்கிழமை மூன்று மணிக்குக் கீழே இறங்கி வருவாள். கேள்விகளை அட்டைகளில் எழுதிவைத்தோம். அட்டைகள் அப்பாவின் உணவகத்தில் விலை மாறியதால் கழித்துவிட்ட உணவுப் பட்டியல்கள். தடிப்பான, ஓரத்தில் பொன்கோடு போட்ட தாள். அதை நாலாக வெட்டி, வெறும் பக்கத்தில் மேலே கேள்வி, கீழே பதில். சுதந்திரப் பிரகடனத்தின் பின்பக்கம் காளான் குழம்போடு கன்றிறைச்சி.

கேள்வியும் பதிலும் ஒரே பக்கத்தில் இருந்ததால் ஒருத்திதான் அட்டையைப் பிடிக்கலாம். நான் பிடித்தேன். கேட்பது சுகம், வாசித்தால் போதும். பதில் சொல்பவர் சொந்தமாகக் கதைக்கவேண்டும். மேல்மாடிக்காரிக்கு அது விருப்பம், எனக்கு இது விருப்பம். இருவரும் அதைப் பற்றி மேலும் யோசிக்கவில்லை.

இன்னொரு விஷயம், வாசலுக்கு உள்ளே ஜெர்மன் கதைக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் ஜெர்மனில் நடக்கப்போகும் அமெரிக்க வரலாற்றுப் பரீட்சைக்கு நாங்கள் யாழ்ப்பாணத் தமிழில் படித்தோம்.

"அமெரிக்காக்காரர் ஏன் தேயிலையைக் கடலுக்குள்ள கொட்டினவை?" என்று நான் முதல் நாள் கேட்டேன்.

குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "என்னது, கொட்டினவையோ? எவ்வளவு?"

"முந்நூறு பெட்டிக்கு மேல, அம்மா."

"எங்கடை தேயிலையோ?"

"இல்லையம்மா. சீனத் தேயிலை. அப்ப எங்கடை ஊரில தேயிலையே இல்லை."

"அப்ப கொட்டட்டும்" என்றுவிட்டு அம்மா உள்ளே போனார்.

மேல்மாடிக்காரி பதிலைத் தொடங்கினாள். "அவையள் வரி கட்டினவை. ஆனா லண்டன் பாராளுமன்றத்தில அவையளுக்காகக் கதைக்க ஒருத்தரும் இல்லை. அந்தக் கோவம்."

"நானும் பதினேழு வருசமா இஞ்சை வரி கட்டுறன். எனக்கும்தான் வோட்டு இல்லை."

சோபா கதைத்தது போல நாங்கள் இருவரும் துள்ளிவிட்டோம். அப்பா இன்னமும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார்.

"நான் எதைக் கொட்டுறது?" என்றார்.

மேல்மாடிக்காரிக்குக் கூச்சம் என்பதே கிடையாது. "மாமா, இஞ்சை ஏரிக்குள்ள ஒண்டும் கொட்டேலாது. தண்டம் அடிப்பினம். கொட்டுறதெண்டா காசு குடுத்து வாங்கின குப்பைப் பைக்குள்ள கட்டி, செவ்வாய்க்கிழமை காலமைதான் வெளியில வைக்கவேணும்."

அப்பா சிரித்தார். வயிறு குலுங்கி, சோபாவின் கம்பிச்சுருள் கிரீச்சிடச் சிரித்தார். யார் சிரித்தது என்று பார்க்க அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். கரண்டியிலிருந்து பருப்பு கம்பளத்தில் சொட்டியது. கம்பளத்துக்காக அன்று யாருக்கும் ஏச்சு விழவில்லை.

அப்பா எழும்பி இருந்தார். "அடுத்ததைக் கேள், பிள்ளை."

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் அப்பா படுக்கவில்லை. இரண்டரைக்கு வந்து, முகம் கழுவி, சோபாவின் நுனியில் காத்திருப்பார். பதில் தெரிந்தால் மேல்மாடிக்காரிக்கு முன்னால் கையை உயர்த்துவார். தெரியாவிட்டால் அமெரிக்காவின் மேல் பிழை சொல்வார். மேல்மாடிக்காரியும் லேசுப்பட்டவள் அல்ல. "மாமா, உங்களுக்குப் பாவம் பாத்து ஒரு கேள்வி விடுறன்" என்பாள். "உன்ர பாவத்தை நீயே வைச்சுக்கொள்" என்பார் அப்பா.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது உள்நாட்டுப் போர் வந்தது.

"தெற்கு ஏன் பிரிஞ்சு போகப் பாத்தது?" என்று கேட்டேன். மேல்மாடிக்காரி கூரையைப் பார்த்து யோசித்தாள்.

"ஆர் பிரிஞ்சது?" என்றார் அப்பா.

"தெற்கு மாநிலங்கள், அப்பா. பதினொண்டு."

"வடக்கு விட்டதோ?"

"இல்லை. நாலு வருசம் சண்டை."

"ஆர் வெண்டது?"

"வடக்கு."

அப்பா எழும்பி யன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "போறன் எண்டு சொல்லுறவையைப் போகவிட்டா என்ன குறைஞ்சு போயிடும்? பிடிச்சு வைச்சு என்னத்தைக் காணுறது? அந்தத் தெற்குச் சனம் பாவங்கள்."

பிறகு அவர் கதைத்தார். ஐந்து மணிக்கு வேலைக்குப் போகவேண்டும் என்பதை மறந்து, கையை ஆட்டி, எங்கள் ஊர்ப் பெயர்களையும் அமெரிக்காவின் பெயர்களையும் கலந்து கதைத்தார். அட்டை என் கையில் இருந்தது. பதிலின் முதல் சொல்லே அடிமைகள் என்பதுதான். நான் அதை வாசிக்கவில்லை. ஏழெட்டு மாதமாக மூடியிருந்த வாய் அது. அதற்கு முன்னால் இந்தச் சொல்லை எடுத்து நீட்ட எனக்கு மனம் வரவில்லை. அட்டையை அடியில் செருகிவிட்டு, ரயில்பாதை எப்போது போட்டார்கள் என்று கேட்டேன்.

ஒரு கிழமை முழுக்க எங்கள் அப்பா அமெரிக்கத் தெற்கின் ஆதரவாளராக இருந்தார். வேலையிடத்தில் கொசோவோவிலிருந்து வந்த ஒரு சமையல்காரர் இருந்தார். தன் நாடு பிரிந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை என்பதால் அவரும் உடனே சேர்ந்துகொண்டாராம். இருவரும் உருளைக்கிழங்கு உரித்தபடி பதினொரு மாநிலங்களையும் விடுதலை செய்தார்கள்.

அடுத்த புதன் மேல்மாடிக்காரி வீட்டில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே, "மாமா, உங்கடை தெற்குக்காரர் அடிமையள் வைச்சிருந்தவை. அதை விடேலாது எண்டுதான் பிரிஞ்சவை" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "உண்மையோ?"

"ஓம், அப்பா."

"அட்டையில இருந்ததோ?"

"ஓம்."

"பிறகேன் பிள்ளை சொல்லேல்லை? நான் அங்கை அந்த மனுசனையும் சேத்து வைச்சிருக்கிறன். இப்ப எந்த முகத்தோடை போய்ச் சொல்லுறது?"

நான் அட்டைகளை ஓரம் சரிபார்த்து அடுக்கினேன். அது எனக்கு நன்றாக வரும். அப்பா அன்று முழுக்க யோசித்தார். தேநீரில் சீனி போட்டதை மறந்து திரும்பவும் போட்டார். கடைசியில், "சனம் பிரிஞ்சு போகலாம். ஆனா இன்னொரு சனத்தைக் கட்டி வைச்சுக்கொண்டு பிரிஞ்சு போகேலாது" என்று தீர்ப்புச் சொன்னார். அதைக் கொசோவோக்காரருக்கு அவருடைய சமையலறை ஜெர்மனில் விளங்கப்படுத்த மூன்று நாட்கள் பிடித்ததாம்.

இத்தனை கிழமையிலும் ஒருவரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒருநாள் மேல்மாடிக்காரி, "இப்ப நீ சொல்லடி, நான் கேக்கிறன்" என்று அட்டைக்குக் கை நீட்டினாள். அம்மா தடுத்தார். "அவளை ஏன் கேக்கிறாய்? அவள்தானே உங்களுக்குப் படிப்பிக்கிறாள். நீ உன்ர பதிலைச் சொல்லு." கேள்வி கேட்பவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அம்மாவின் கணக்கு. எனக்கும் எல்லாம் தெரியும்தான். தெரிந்ததை வெளியே கொண்டுவர ஒரு வாசல் வேண்டும் என்பதை நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

பரீட்சை ஒரு சிறிய அறையில் நடந்தது. ஆசிரியர், மேசை, மூடிய அட்டைகள். மேல்மாடிக்காரி எனக்கு முன்னால் போனாள். அவளுக்கு ரயில்பாதைக் கேள்வி வந்தது. வருடமும் தெரியாது, யார் போட்டது என்பதும் தெரியாது. பாதைக்குக் குறுக்கே வந்த காட்டெருமைகளைப் பற்றிப் பத்து நிமிடம் கதைத்துவிட்டு ஐந்தோடு வெளியே வந்தாள்.

எனக்குத் தேயிலை வந்தது. அதைவிடச் சுகமான கேள்வி கிடையாது. நான் ஆசிரியரின் சப்பாத்தைப் பார்த்தேன். கூர்மூக்கில் உப்புக் கறை படிந்திருந்தது.

"தேநீர்" என்றேன்.

"ஆம், தேநீர்" என்றார் ஆசிரியர். "தேநீருக்கு என்ன நடந்தது?"

நீண்ட நேரம் கழித்து, "கடல்" என்றேன்.

அவர் நல்ல மனிதர். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் இப்படியே ஒவ்வொரு சொல்லாகக் காத்திருந்து பொறுக்கி எடுத்தார். அந்த மூன்றரையில் அரைவாசி அவருடைய பொறுமைக்குக் கிடைத்தது.

பெற்றோரைக் கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு வேலை, அப்பா தன் இடைவேளையில் வந்தார். சலவை செய்த சட்டை போட்டிருந்தார். மொழிபெயர்க்க நான் போனேன். நம்மில் யார் தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்க்காமல் வளர்ந்தோம்? ஏழு வயதில் அம்மாவின் பித்தப்பையைப் பற்றி வைத்தியரிடம் நான் கதைத்திருக்கிறேன். நகரசபை அலுவலகத்தில் அப்பாவின் விசாவுக்காக மேசைக்கு மேல் எட்டாத உயரத்திலிருந்து வாதாடியிருக்கிறேன். எனக்குப் பல் வலித்தால் மட்டும் வாய் திறக்க மாட்டேன். இன்னொருவரின் வசனம் என்றால் என் குரல் எங்கிருந்தோ வந்துவிடும்.

"உங்கள் மகளுக்குப் பாடம் விளங்கவில்லை என்று நினைக்கிறேன்" என்றார் ஆசிரியர்.

"எனக்குப் பாடம் விளங்கேல்லையாம், அப்பா" என்றேன் தெளிவாக.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். "என்ன விளங்கேல்லையோ? இவள்தானே எனக்கே படிப்பிச்சவள்! வேணுமெண்டா என்னைக் கேக்கச் சொல்லு!"

நான் ஆசிரியரின் பக்கம் திரும்பினேன். இவள்தான் படிப்பித்தவள் என்று என்னைப் பற்றி நானே எப்படிச் சொல்வது? கூச்சமாக இருந்தது. "அப்பா தன்னைக் கேள்வி கேட்கச் சொல்கிறார்" என்று மட்டும் சொன்னேன்.

ஆசிரியருக்குச் சிரிப்பு வந்தது. இழுப்பறையிலிருந்து அட்டைகளை எடுத்தார். விளையாட்டாகத்தான் எடுத்தார். முதலில் தேயிலையைக் கேட்டார். அப்பா பதினேழு வருட வரியில் தொடங்கி, வோட்டு இல்லாததைச் சொல்லி, சீனத் தேயிலை என்றபடியால் பெரிய நட்டமில்லை என்று முடித்தார். நான் பாராளுமன்றத்தையும் வரியையும் குடியேறியவர்களின் கோபத்தையும் ஜெர்மனில் ஒழுங்காகச் சொன்னேன். குடியேற்றங்கள் எத்தனை என்று கேட்டார். "பதினைஞ்சு" என்றார் அப்பா. "பதின்மூன்று" என்றேன் நான்.

பிறகு உள்நாட்டுப் போர். அப்பா முன்னால் சாய்ந்தார். பிரிந்து போவதைப் பற்றி, பிடித்து வைப்பதைப் பற்றி, கொசோவோக்காரரைப் பற்றி, உருளைக்கிழங்கைப் பற்றி, இன்னொரு சனத்தைக் கட்டி வைத்துக்கொண்டு பிரியக்கூடாது என்பதைப் பற்றி ஐந்து நிமிடம் சொன்னார். நான் பருத்தித் தோட்டங்கள், அடிமை முறை, புதிய மாநிலங்களில் அடிமைகள் இருக்கலாமா என்ற சண்டை, தேர்தல், பதினொரு மாநிலங்கள் என்று வரிசையாகச் சொன்னேன். ஜெர்மனில் அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன்பு கதைத்ததில்லை. குரல் நடுங்கவில்லை. ஆசிரியரின் கண்ணைப் பார்த்துக்கூடக் கதைத்தேன். கதைத்தது அப்பா, எனக்கென்ன பயம்?

ஆசிரியர் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு எழும்பி அப்பாவுக்குக் கை கொடுத்தார். "இந்த வகுப்பில் ஒருவரும் இப்படி விளங்கப்படுத்தவில்லை. உங்களுக்கு ஐந்தரை போடுவேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இப்படி ஒரு தகப்பனிடமிருந்து மகள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளாதது பெரிய கவலை. பி வகுப்பு இவளுக்குச் சுகமாக இருக்கும்." ஒரு கடதாசியை மேசையில் தள்ளினார்.

"அது நான் சொன்னது" என்பதுதான் நான் சொல்லவேண்டிய வசனம். ஜெர்மனில் அது நாலே சொல். பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஆனால் அந்த வசனத்தை முதலில் யாரும் தமிழில் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பதற்கு எனக்கு எதிரில் ஆள் இல்லை.

"என்னவாம், பிள்ளை?" அப்பா கேட்டார். ஆசிரியர் கொடுத்த கையை இன்னமும் மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஐந்தரை போடலாமாம், அப்பா."

"எனக்கோ?"

"ஓம். வகுப்பிலையே ஒருத்தரும் இப்படிச் சொல்லேல்லையாம்."

போர் முடிந்ததற்குப் பிறகு அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்த முகத்துக்கு மற்ற வசனத்தையும் சொல்வதா என்று நான் யோசித்தேன் என்று எழுதினால் அது பொய். யோசிக்கவேயில்லை. சொன்னால் அவர் விட மாட்டார், எழும்பி நின்று சத்தம் போடுவார், அந்தச் சத்தத்தையும் நான்தான் மொழிபெயர்க்கவேண்டி வரும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அன்பு எவ்வளவு, கூச்சம் எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

"பி வகுப்பில கொஞ்சம் ஆறுதலாப் படிப்பிப்பினமாம். அதுக்குக் கையெழுத்து வைக்கட்டாம்" என்றேன்.

"நல்லதோ அது?"

"நல்லதாம்."

அப்பா கையெழுத்து வைத்தார். உணவகத்தில் சாமான் வந்தால் வைக்கிற கிறுக்கல் அல்ல. முழுப் பெயரையும் தமிழில் எழுதி, கீழே கோடும் போட்டார்.

பி வகுப்பு கெட்ட இடமில்லை. மருந்துக்கடைகள் எனக்குப் பதில் எழுதவில்லை. முதியோர் இல்லம் ஒன்று எழுதியது. அங்கே இன்றும் வேலை செய்கிறேன். மாத்திரைகளை நாள்வாரியாகப் பெட்டியில் பிரித்து வைக்கிறேன். கதைக்க விரும்பாத கிழவர்களை என் பக்கம் அனுப்புகிறார்கள். மேல்மாடிக்காரி காப்புறுதி விற்கிறாள்.

அன்று பின்னேரம் நாங்கள் வீட்டுக்குப் போனபோது அம்மா வேலையால் வந்து கதவடியில் நின்றார். "என்னப்பா, என்ன சொன்னவர்?"

அப்பா சட்டைக் கையை மடித்தபடி உள்ளே போனார். ஐந்தரையைச் சொன்னார். கை கொடுத்ததைச் சொன்னார். கேள்விகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டுத் தானே பதிலும் சொன்னார். குடியேற்றங்கள் பதினைந்து என்றார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"பிள்ளையும் விண்ணி, கெட்டிக்காரி. நான் கதைக்கக் கதைக்க ஒரு சொல்லும் விடாமல் அப்படியே சொன்னவள்."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ அந்த மனுசன்?" என்றார் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். "வேறை என்ன பிள்ளை சொன்னவர்?"

"வேறை ஒண்டும் இல்லை, அப்பா" என்றேன்.